வழுவும் வழுவமைதியும்: விளையாட்டுக் குறிமொழிக்குத் தொடரியல் சரிபார்ப்பி அமைத்தல் குறித்த ஒரு கருத்துரை

ஆய்வுச்சுருக்கம்

கணினி விளையாட்டுகளுக்கெனத் தனியே ஆக்கப்பட்ட குறிமொழிகளில் பிழை காணும் சரிபார்ப்பியை அமைக்கும்போது ‘சரி’, ‘தவறு’ என்னும் இரு தீர்ப்புகளே போதும் எனக் கருதுவது இயல்பு. ‘வெஸ்நோத்’ விளையாட்டின் குறிமொழியைச் சான்றாகக் கொண்டு, வழு, வழாநிலை, வழுவமைதி என்னும் மூன்று தீர்ப்புகளும் இன்றிப் பயன்தரும் சரிபார்ப்பி அமையாது என்பதை இக்கட்டுரை முன்வைக்கின்றது. அப்பணியில் தமிழ் இலக்கணம் கற்றோர்க்குரிய வரையறுத்த வேலை ஒன்றையும் சுட்டுகின்றது.

திறவுச்சொற்கள்: குறிமொழி, சரிபார்ப்பி, வழு, வழுவமைதி, புறனடை, வேற்றுமைப் புணர்ச்சி.

முன்னுரை

மொழிக்கு இலக்கணம் காணுதல் தமிழ்த்துறையின் பணி. கணினி விளையாட்டின் குறிமொழிக்குச் சரிபார்ப்பி எழுதுதல் கணினித்துறையின் பணி. இவ்விரண்டும் தம்முள் தொடர்பற்றவை என்பது நம் பல்கலைக்கழகங்களில் நிலவும் பொதுக்கருத்து. அக்கருத்து மறு ஆய்வுக்குரியது.

1967ஆம் ஆண்டில் பீட்டர் இங்கர்மன் என்பார், அல்கால் 60 என்னும் நிரல்மொழியின் தொடரமைப்பை வரையறுக்கப் பயன்பட்ட பாக்கஸ் வடிவத்தைப் ‘பாணினி-பாக்கஸ் வடிவம்’ என அழைத்தல் தகும் என்று எழுதினார். கணினி மொழிகளின் இலக்கணம் பற்றிய பேச்சில் பாணினியின் பெயர் இடம்பெறுவது இன்று வியப்பன்று. தமிழ் இலக்கண மரபு அந்த அளவிற்குப் பேசப்படவில்லை. அதற்கு ஈடாகத் தொல்காப்பியர் அன்றே கணினியை அறிந்திருந்தார் என நிறுவ முற்படுவது ஆய்வு ஆகாது. பிறிதொரு துறையில் இன்று எழுந்துள்ள சிக்கலுக்கு நம் மரபில் ஆராயப்பட்ட கருத்து ஒன்று உதவுமா என வினவுவதே நேர்மையான வழி. பிழையை எவ்வாறு இனங்காண்பது, பிழைபோலத் தோன்றுவதை எப்போது ஏற்பது என்பதே இங்கு அச்சிக்கல். கிளவியாக்கம் முழுவதும் நிற்பது அவ்வினாவின் மேல்தான்.

வெஸ்நோத் குறிமொழியின் அமைப்பு

‘பேட்டில் ஃபார் வெஸ்நோத்’ என்பது டேவிட் வைட் என்பவரால் 2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற திறந்த மூல விளையாட்டு. படைகள் முறைவைத்து நகரும் போர் விளையாட்டு அது. அதன் கதைக்களங்கள், வீரர் வகைகள், உரையாடல்கள் ஆகியவை ‘வெஸ்நோத் மார்க்கப் லாங்குவேஜ்’ என்னும் தனிக் குறிமொழியில் எழுதப்படுகின்றன. எழுதுவோருள் பலர் நிரலாளர் அல்லர். கதை சொல்ல விரும்பும் விளையாட்டு ஆர்வலர்.

இம்மொழியின் அடிப்படை எளிது. சதுர அடைப்புக்குள் எழுதப்படும் குறிச்சொல் ஒரு பகுதியைத் திறக்கும். சாய்கோட்டுடன் கூடிய அதே குறிச்சொல் அதனை மூடும். இடையே பண்பின் பெயரும் அதன் மதிப்பும் சமக்குறியால் இணைக்கப்பட்டு நிற்கும். ஒரு பகுதிக்குள் மற்றொரு பகுதி அமையலாம். நிகழ்வைக் குறிக்கும் ‘ஈவன்ட்’ பகுதிக்குள், உரையாடலைக் குறிக்கும் ‘மெசேஜ்’ பகுதி இடம்பெறுவது இதற்கு எடுத்துக்காட்டு. திரும்பத் திரும்ப வரும் பகுதிகளுக்குப் பெயரிட்டு, வேண்டிய இடத்தில் நெளிவு அடைப்புக்குள் அப்பெயரை எழுதி அழைத்துக்கொள்ளும் ‘மேக்ரோ’ வசதியும் உண்டு. மொழிபெயர்க்கத்தக்க தொடருக்கு முன் ஓர் அடிக்கோடு இடப்பெறும்.

பகுப்பி காணும் வழுவும் காணாத வழுவும்

விளையாட்டு இயந்திரத்திற்குள் அமைந்த பகுப்பி, இம்மொழியின் புறவடிவத்தை மட்டுமே அறியும். திறந்த குறிச்சொல் மூடப்படவில்லையாயின், மேற்கோள் குறி முடியவில்லையாயின், அது நின்று பிழை கூறும். இவற்றினும் கொடியவை அது கூறாமல் விடுபவை. அத்தகையன மூன்றை இங்குக் காட்டலாம்.

முதலாவது, பண்பின் பெயரில் நேரும் பிழை. ‘மெசேஜ்’ பகுதியில் பேசுவோர் யார் என்பதைக் குறிக்கும் ‘ஸ்பீக்கர்’ என்னும் பண்பு ஓரெழுத்துப் பிறழ எழுதப்பட்டால், பகுப்பிக்கு அதுவும் ஒரு பண்பின் பெயரே. விளையாட்டு நிற்காது. பேசுவோர் இன்னார் என்னும் வரையறை மட்டும் மறைந்துவிடும். ஆசிரியர் கருதாத ஒருவர் வாயில் அவ்வுரை அமையக்கூடும்.

இரண்டாவது, நிகழ்வின் பெயரில் நேரும் பிழை. வீரன் ஓரிடத்தை அடைந்தவுடன் நிகழவேண்டியதற்கு ‘மூவ்டூ’ என்பது பெயர். அதனைப் பிறழ எழுதினால் அந்நிகழ்வு என்றுமே நிகழாது. இயந்திரம் இதனைப் பிழை எனக் கொள்ளவும் இயலாது. ஏனெனில் ஆசிரியர் தாமே புதிய நிகழ்வுப் பெயர்களைப் படைத்து, ‘ஃபயர் ஈவன்ட்’ என்னும் கட்டளையால் அவற்றை எழுப்ப இம்மொழி இடந்தருகின்றது. எழுத்துப் பிழையும் புதுச்சொற் படைப்பும் புறத்தோற்றத்தில் ஒன்றாகவே உள்ளன.

மூன்றாவது, அடிக்கோடு விடுபடுதல். இங்கு விளையாட்டு பழுதின்றி ஓடும். ஆங்கிலத்தில் விளையாடுவோர் எக்குறையையும் காணார். ஆனால் அத்தொடர் மொழிபெயர்ப்புக் கோப்பிற்குள் சென்று சேராது. எம்மொழியாளர்க்கும் அது மொழிபெயர்க்கக் கிடைக்காது. ஒரு மொழியில் வழாநிலையாக நிற்பது, பிற மொழிகள் அனைத்திற்கும் வழுவாக முடிகின்றது.

எனவே சரிபார்ப்பி, வடிவத்தைக் காணும் பகுப்பிக்கு அப்பால் மேலும் இரு படிகளைக் கொள்ளவேண்டும். எந்தப் பகுதிக்குள் எந்தப் பண்பு வரலாம், அதன் மதிப்பு எண்ணா, சொல்லா என்பவற்றை அறிதல் ஒரு படி. ஓரிடத்தில் சுட்டப்பட்ட பெயர் வேறோரிடத்தில் உண்மையாகவே வரையறுக்கப்பட்டுள்ளதா எனத் தேடுதல் அடுத்த படி. முதற்பணிக்கென வெஸ்நோத் திட்டத்தில் ‘ஸ்கீமா’ என்னும் அமைப்பு விதித்தொகுப்பு உள்ளது. அது குறிமொழியிலேயே எழுதப்பட்டுள்ளது என்பதும், அவ்விதித்தொகுப்பைச் சரிபார்க்கவும் தனியே ஒரு வழி உண்டு என்பதும் இலக்கண ஆய்வாளர் கருதத்தக்கன. தமிழின் இலக்கணத்தைத் தமிழ் நூற்பாவால் கூறும் நமக்கு இந்நிலை புதிதன்று. இரண்டாம் பணியையும் பிறவற்றையும் செய்வது எரிக் ரேமண்ட் என்பவர் பைத்தான் மொழியில் எழுதிய ‘டபிள்யூ.எம்.எல். லின்ட்’ என்னும் கருவி. பேசுவோராகக் குறிக்கப்பட்டவர் கதையில் உள்ளாரா, மொழிபெயர்ப்புக் குறி வேண்டிய இடத்தில் உள்ளதா என்பன அது நோக்குவனவற்றுள் சில. பழைய பதிப்பில் வழங்கிப் பின்னர் நீக்கப்பட்ட வழக்குகளைப் புதிய வடிவிற்கு மாற்றித் தருவதும் அதன் பணி.

வழுவமைதியின் இன்றியமையாமை

திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு ஆகிய ஏழிடத்தும் வழு நேரும் என நன்னூல் வகுக்கும். வழுக் காத்தலை, வழுவாது காத்தல் எனவும் வழுவினை அமைத்துக் காத்தல் எனவும் இருவகையாக உரையாசிரியர் விளக்குவர். இவ்விரண்டாம் வகையே வழுவமைதி. உவகையால் பசுவினை ‘அவள் வந்தாள்’ என்பது திணைவழு; எனினும் காரணம் கருதி அமைக்கப்படும். வீட்டினுள் இருந்துகொண்டே ‘இதோ வந்துவிட்டேன்’ என விடை தருவது காலவழு. விரைவு கருதி அமைக்கப்படும். இங்கு உற்றுநோக்க வேண்டியது ஒன்று: இலக்கணம் இவ்வழக்குகளை வழாநிலை எனக் கூறவில்லை. வழு எனக் கண்டு, காரணம் கூறி, ஏற்கின்றது. விதியும் சிதையவில்லை, வழக்கும் புறந்தள்ளப்படவில்லை.

சரிபார்ப்பி அமைப்போர் எதிர்கொள்வதும் இதே நிலையே. வெஸ்நோத் குறிமொழியில், ஒரு மேக்ரோ ஒரு பகுதியைத் திறந்துவிட்டு மூடாமலே முடியலாம். அதனை மூடுவது மற்றொரு மேக்ரோவின் பணியாக இருக்கலாம். தனித்தனியே நோக்கின் இரண்டும் வழு. சேர்த்து அழைக்கப்படும் இடத்தில் இரண்டும் பொருந்துகின்றன. இவற்றைத் தவறு என்று மட்டும் கூறும் கருவி, திறமையுடன் எழுதுவோரையே மிகுதியாகத் துன்புறுத்தும். இவற்றைக் காணாது விடும் கருவி, உண்மையாகவே மூட மறந்தவரைக் கைவிடும்.

ரேமண்டின் கருவி இச்சிக்கலுக்குக் கண்ட தீர்வு குறிப்பிடத்தக்கது. ஆசிரியர் தம் கோப்பில் இயந்திரம் படிக்காத குறிப்பு வரியாக, இப்பகுதியில் குறிச்சொற்கள் சமனின்றி நிற்கும் எனத் தொடங்கி, இவ்விடத்தோடு அவ்விலக்கு முடிகின்றது என எல்லையும் இட்டு எழுதலாம். கருவி அறியாத கதைமாந்தர் பெயரை அறிந்ததாகக் கொள்ளுமாறும், அகராதியில் இல்லாத சொல்லை அந்தக் கோப்பளவில் ஏற்குமாறும் எழுத இடமுண்டு. இம்முறை வெஸ்நோத்துடன் தோன்றியதன்று. 1970களின் பிற்பகுதியில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்கென ஆக்கிய ‘லின்ட்’ கருவியிலேயே, ‘நிரல் இவ்விடத்தை எட்டாது’ என்பன போன்ற குறிப்புகளை எழுதி எச்சரிக்கையைத் தவிர்க்க வழி இருந்தது. ஆடையில் ஒட்டிய பஞ்சுப் பிசிறைக் குறிக்கும் சொல்லே அக்கருவிக்குப் பெயராயிற்று. பிசிறை எடுக்கப் புகுந்து நூலையே இழுத்துவிடக் கூடாது என்னும் எச்சரிக்கையும் அப்பெயரில் அடங்கியிருப்பதாகக் கொள்ளலாம்.

இந்நடைமுறைகளைக் கணினித்துறை, எச்சரிக்கையை அடக்குதல் என்னும் பொருளில் வழங்குகின்றது. இப்பெயரிடலில் எனக்கு உடன்பாடு இல்லை. அடக்குதல் என்பது கருவியின் வாயை மூடுவது. அமைத்தல் என்பது வழுவிற்குக் காரணம் கண்டு இடந்தருவது. நம் இலக்கணத்தில் காரணம் இல்லாத வழுவமைதி இல்லை. உவப்பு, உயர்வு, விரைவு, மிகுதி, தெளிவு என ஒவ்வொன்றும் பெயரிட்டுக் கூறப்பட்டுள்ளது. எனவே, விலக்குக் கேட்கும் ஒவ்வொரு குறிப்பும் தன் காரணத்தையும் எல்லையையும் ஏற்று நிற்கவேண்டும். காரணமில்லா விலக்கைக் கருவி ஏற்றல் கூடாது என்பது என் கருத்து. அவ்வாறு எழுதப்பட்ட காரணங்களைத் தொகுத்து நோக்கின், எவ்விதி மக்கள் வழக்கொடு பொருந்தாது நிற்கின்றது என்பது புலனாகும். ஒரே காரணம் பல இடங்களில் திரும்ப வருமாயின், திருத்தம் வேண்டுவது கோப்பிற்கன்று, விதிக்கு.

புறனடையும் இங்குப் பயன்படும் கருத்தே. தொல்காப்பிய இயல்கள் பலவற்றின் இறுதியில், கூறியவற்றுள் அடங்காதனவற்றையும் ஏற்புழிக் கொள்ள இடந்தரும் நூற்பா உண்டு. வெஸ்நோத் அமைப்பு விதித்தொகுப்பிலும், ஆசிரியர் தாமே பெயரிடும் மாறிகளுக்குரிய பகுதியில் எப்பண்புப் பெயரும் வரலாம் எனத் திறந்துவிட வழி உள்ளது. எங்கு மூடவேண்டும், எங்குத் திறந்துவிட வேண்டும் என்று முடிவு செய்வதே இலக்கண ஆசிரியனின் உண்மைப் பணி. நிரல் எழுதும் உழைப்பு அதற்குப் பின்னரே வருகின்றது.

பிழைச்செய்தி என்னும் உரை

சரிபார்ப்பியின் பயன் அது தரும் பிழைச்செய்தியில் உள்ளது. ஒரு குறிச்சொல் மூடப்படாத பிழை, பெரும்பாலும் நேர்ந்த இடத்தில் புலப்படுவதில்லை. பல வரிகள் கடந்து, வேறொரு பகுதி மூடப்படும்போதோ கோப்பு முடியும்போதோதான் அது வெளிப்படும். வெளிப்பட்ட இடத்தை மட்டும் கூறும் செய்தி, குற்றமற்ற வரியைக் குற்றவாளியாக்கும். பொருந்தாத மூடுகுறியைக் காணும்போது, அப்பகுதி திறந்த இடத்தையும் வெஸ்நோத் பகுப்பி சேர்த்துக் கூறுவது இதனாலேயே. மேக்ரோ வழியாக வந்த பிழையாயின், அழைத்த இடங்களையும் வரிசைப்படுத்திக் காட்டுகின்றது.

நூற்பாவிற்குக் காண்டிகையுரை எழுதுவோர் கருத்து, பதப்பொருள், காட்டு, வினா, விடை என்பனவற்றைத் தருதல் வேண்டும் என்பது நம் மரபு. நல்ல பிழைச்செய்திக்கும் இவ்வைந்தும் வேண்டும். எவ்விதி மீறப்பட்டது என்பது கருத்து, எச்சொல் மீறியது என்பது பதப்பொருள், சரியான வடிவம் எது என்பது காட்டு, ‘இதனைக் கருதினீரா?’ என்பது வினா. எவ்வாறு திருத்துவது, திருத்த விரும்பாவிடில் எவ்வாறு அமைதி கோருவது என்பது விடை. உரையில்லா நூற்பா மாணாக்கனை அச்சுறுத்துவதுபோல, உரையில்லாப் பிழைச்செய்தி எழுதுவோரை அச்சுறுத்தும்.

தமிழ்த் தொடர் நுழையும் இடம்

இதுகாறும் கூறியவை கருத்தளவிலான ஒப்புமை. இனிக் கூறுவது தமிழ் இலக்கணமே நேரடியாக வேண்டப்படும் இடம்.

வெஸ்நோத் குறிமொழியின் உரையாடல் தொடருக்குள், டாலர் குறியுடன் கூடிய மாறி ஒன்றை இடலாம். விளையாடும்போது அவ்விடத்தில் வீரனின் பெயர் வந்து நிரம்பும். பெயருக்குப்பின் எழுத்துகள் ஒட்டி நிற்கவேண்டின், மாறி முடியும் இடத்தை ஒரு செங்குத்துக் கோட்டால் காட்டலாம். ஆங்கிலத்திற்கு இஃது இடர் தருவதில்லை. இத்தகைய தொடரைத் தமிழாக்குவோர் மாறியை அடுத்து ஐயுருபை ஒட்டினால் நேர்வது என்ன? ‘மாறன்’ நிரம்பினால் ‘மாறனை’ என்றாக வேண்டும். ‘குமரி’ நிரம்பினால் உடம்படுமெய் பெற்றுக் ‘குமரியை’ என்றாக வேண்டும். ‘ஆறு’ ஒற்று இரட்டி ‘ஆற்றை’ என்றும், ‘மரம்’ அத்துச்சாரியை பெற்று ‘மரத்தை’ என்றும் ஆகவேண்டும். இயந்திரமோ எழுத்துகளை அடுத்தடுத்து வைப்பதன்றி வேறறியாது; ‘மரம்ஐ’ என்றே காட்டும்.

வினைமுற்றிலும் இவ்விடர் உண்டு. மாறி எழுவாயாக நிற்கும் தொடருக்கு வீழ்ந்தான், வீழ்ந்தாள், வீழ்ந்தது என்பவற்றுள் எதனை எழுதுவது? இம்மொழியில் பேசுவோர் பெண்ணாயின் வேறு உரையைக் காட்டும் பண்பு ஒன்று உண்டு. பேசுவோரின் பாலை ஒட்டித் தன்மை வினை வேறுபடும் மொழிகளுக்கு அது பெரிதும் உதவும். தமிழில் தன்மை வினைமுற்று பால் காட்டாது. பால் காட்டுவது படர்க்கை. ஆகவே தமிழுக்கு வேண்டுவது பேசுவோரின் பால் அன்று. பேசப்படுவோரின் திணையும் பாலும். பிறமொழிகளைக் கருதி அமைத்த வசதி தமிழுக்கு இடம் மாறி நிற்கின்றது. கிளவியாக்கம் பயின்ற மாணவர் ஒருவர் இதனை முதல் நோக்கிலேயே கண்டுவிடுவார். அவரிடம் அக்கோப்பினைக் காட்டியோர் இல்லை என்பதே குறை.

இத்தகைய மொழிபெயர்ப்புகளுக்குத் தமிழ்ச் சரிபார்ப்பி ஒன்று எளிதில் அமைக்கத்தக்கது. மூலத்தில் உள்ள மாறி மொழிபெயர்ப்பிலும் உள்ளதா என நோக்குதல் முதல் விதி. மாறியை அடுத்து வேற்றுமை உருபு நேரே ஒட்டப்பட்டிருப்பின் எச்சரித்து, ‘என்பவரை’, ‘என்பதனை’ போன்ற அமைப்பைப் பரிந்துரைத்தல் இரண்டாம் விதி. மாறி எழுவாயாகி, முற்று ஆண்பால் அல்லது பெண்பால் ஈறு பெற்றிருப்பின் எச்சரித்தல் மூன்றாம் விதி. அவ்விடத்தில் நிரம்பக்கூடிய பெயர் ஒன்றே என ஆசிரியர் உறுதி கூறின் ஏற்றல், வழுவமைதி. இவ்விதிகளை நிரலாக்குதல் ஒரு கணினி மாணவருக்கு அரிதன்று. விதிகளை முழுமையாகவும் முரணின்றியும் எழுதித் தருவோர் தமிழ்த்துறையிலிருந்தே வரவேண்டும். விளையாட்டிற்கு மட்டுமன்றி, பெயரை இடையில் நிரப்பிச் செய்தி அனுப்பும் வங்கி, தொடர்வண்டி, அரசுச் சேவை ஆகிய அனைத்தின் தமிழுக்கும் இவ்விதிகள் பொருந்தும்.

எழக்கூடிய மறுப்புகள்

செயற்கை மொழிக்கு ஆக்கியோன் உளன். அவன் விதித்ததே விதி. இயற்கை மொழியின் இலக்கணத்தோடு அதனை ஒப்பிடுதல் பொருந்தாது எனலாம். தொடக்கத்தில் அது மெய்யே. ஆயினும் இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பலர் கைப்பட்டு வளர்ந்த மொழியில், இயந்திரம் ஏற்பது ஒன்று, விளக்கநூல் கூறுவது ஒன்று, எழுதுவோர் வழங்குவது ஒன்று என மூன்று நிலைகள் தோன்றிவிடுகின்றன. அவற்றுள் எதனை விதியாகக் கொள்வது என்னும் வினா, வழக்கையும் செய்யுளையும் நாடி நூல் செய்தோர் எதிர்கொண்டதே. எனினும் ஒப்புமைக்கு எல்லை உண்டு. குறிமொழியின் சொற்களை எண்ணி முடிக்கலாம். தமிழை எண்ணி முடிக்க இயலாது. பட்டியலில் இல்லாதது பிழை என்னும் கொள்கையைத் தமிழ்ச் சொற்பிழை திருத்திகளுக்குள் கொணரின், ஊர்ப்பெயரும் வட்டார வழக்கும் புதுச்சொல்லும் செங்கோடு பெறும். அங்கு வழுவமைதி முன்னினும் இன்றியமையாதது.

இன்றைய மொழி மாதிரிகளே பிழையைக் கண்டுவிடும்போது விதி எழுதும் உழைப்பு எதற்கு என்பது மற்றொரு மறுப்பு. அவை ஐயத்திற்குரிய இடத்தைச் சுட்டலாம். அதில் பயன் உண்டு. ஆனால் விதி கூறாத தீர்ப்போடு வாதிட இயலாது. எழுதியவர் தம் வழக்கிற்குக் காரணம் கூறி நிற்பதற்கு, மீறப்பட்ட விதி இன்னது என அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முடிவுரை

ஒரு விளையாட்டின் குறிமொழி சிறிய மொழி. அதன் முழு இலக்கணத்தையும் ஒரு பருவத்திற்குள் ஒரு மாணவர் எழுதி முடிக்கலாம். எழுதிய விதி தவறாயின் கருவி உடனே காட்டிவிடும். இலக்கணம் ஆக்கும் பயிற்சிக்கு இதனினும் தகுந்த களம் அரிது. நன்னூலைக் கற்பிக்கும் வகுப்பில், மாறி நிரம்பும் இடங்களுக்கு விதி எழுதுதலை ஓர் ஒப்படைப்பாகக் கொடுத்துப் பார்க்கலாம். வழு இது, வழாநிலை இது, காரணம் கருதி அமைவது இது என வேறுபடுத்தும் நுட்பத்தை நாம் தேர்விற்குரிய பாடமாக மட்டும் வைத்திருக்கின்றோம். அந்நுட்பம் வேண்டிய இடங்களில், இலக்கணம் பயிலாத பிறர் அதனைத் தாமே தேடிக் கண்டு, அடக்குதல் எனப் பெயரிட்டு வழங்கி வருகின்றனர். இனித் தமிழில் தோன்றவிருக்கும் கருவிகளுக்கேனும் விதியையும் அமைதியையும் வகுத்துத் தரும் பொறுப்பு நம்மைச் சார்ந்தது. அதனை நாம் ஏற்காவிடின், ‘மரம்ஐ’ என்பதே திரையில் நிலைபெறும். அதனைப் படித்து வளரும் தலைமுறைக்கு அது வழுவாகவும் தோன்றாது.